முப்பத்தாறு என்று எண்ணினோம்

பள்ளிக் கற்றல் பயணத்தில் எங்கள் மாணவன் ஒருவன் சற்று நேரம் காணாமல் போனான். அந்தப் பையனின் அப்பா, ஆசிரியரான என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “சார், அவனைக் காணோம்னு தெரியாமலே எத்தனை நிமிஷம் இருந்தீங்க?”

எவ்வளவு நேரம் காணாமல் போயிருந்தான் என்று கேட்பார் என நினைத்து அதற்குப் பதிலைத் தயாராக வைத்திருந்தேன்: 49 நிமிடம். அவர் கேட்ட கேள்விக்கு அங்கேயே விரல்விட்டுக் கணக்குப் போட வேண்டியதாயிற்று. 35 நிமிடம். அந்த 35 நிமிடத்தில் ஒரு பகுதியை நாங்கள் பிள்ளைகளுக்குக் கறிபஃப் பங்கிட்டுக் கொடுப்பதில் கழித்திருந்தோம்.

பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்; படிப்பவரைக் கடைசிவரை பதைக்க வைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதாலேயே இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. அடிபட்டிருந்தால் விசாரணை நடந்திருக்கும், பலர் எழுதியிருப்பார்கள். நல்லபடியாக முடிந்த தவறுகள் ஆசிரியர் அறையில் இரண்டு நாள் பேசப்பட்டு, காப்பிக் கோப்பையோடு கழுவிவிடப்படுகின்றன. பள்ளிகளின் பெயர் இதில் வராது. தவறில் பாதி என்னுடையது.

<b>யார் போனோம், எங்கே</b>

சிங்கப்பூரில் தமிழ் கற்பிப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான்: ஒரு நிலையில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் ஒரு பேருந்தை நிரப்பமாட்டார்கள். ஆகவே பக்கத்துப் பள்ளியோடு சேர்ந்துகொள்வோம். தாய்மொழி இருவாரத்தை ஒட்டி, கிழக்கு வட்டாரத்தில் இரண்டு உயர்நிலைப் பள்ளிகள் சேர்ந்து புலாவ் உபின் தீவுக்கு ஒரு கற்றல் பயணம் ஏற்பாடு செய்தோம். உயர்நிலை 1, 2 மாணவர்கள். எங்கள் பள்ளியிலிருந்து 21 பேர், அந்தப் பள்ளியிலிருந்து 15 பேர். பெரியவர்கள் ஐவர்: நான், எங்கள் புவியியல் ஆசிரியை, அந்தப் பள்ளியின் தமிழாசிரியை, அவருடன் ஓர் இளம் ஆசிரியர், பெற்றோர் ஆதரவுக் குழுவிலிருந்து ஓர் அக்கா.

பாதி புவியியல் களப்பணி, பாதி தமிழ்க் கட்டுரைக்கான குறிப்பெடுப்பு. தீவிலுள்ள செக் ஜாவாவின் சதுப்புநிலத்தையும் கரையையும் பார்த்துப் பதிய வேண்டும்; பிறகு படகுத்துறைக்கு அருகிலுள்ள கிராமத்தில் வருகையாளர்களிடம் நான்கு கேள்வி கேட்க வேண்டும். உபின் அதற்குத் தோதான இடம். 1851இல் விளக்கேற்றப்பட்ட ஹார்ஸ்பரோ கலங்கரை விளக்கத்துக்குக் கருங்கல் இந்தத் தீவிலிருந்துதான் போனது என்று சொன்னால், கல்குவாரிக் குளத்தைப் பார்க்கும் பிள்ளையின் கண்ணே மாறிவிடும். 2001இன் இறுதியில், நிலமீட்புக்குக் குறித்து வைத்திருந்த செக் ஜாவா கடைசி நேரத்தில் தப்பியது என்பதும் நல்ல விவாதப் பொருள்.

போகும் வழிதான் சிக்கல். சாங்கி பாயிண்ட் முனையத்திலிருந்து பம்போட் என்ற சிறு படகில் பத்து நிமிடம். ஒரு படகில் 12 பேர்தான். நாங்கள் 41 பேர், நான்கு படகு. ஒரே கூட்டமாகக் கிளம்புபவர்கள் ஐம்பது அடி தாண்டுவதற்குள் நான்காகப் பிரிந்துவிடுகிறார்கள். அக்கரையில் மறுபடியும் ஒன்றாகிறார்கள். கழிவறை, நடை, பலகைப் பாதை என்று மறுபடி மறுபடி பிரிகிறார்கள், சேர்கிறார்கள். அன்றைய நிகழ்ச்சி நிரலை எடுத்து வைத்துப் பிற்பாடு எண்ணிப் பார்த்தேன். பிரிந்து சேரும் இடங்கள் பதினொன்று இருந்தன.

<b>படிவம் என்ன சொன்னது</b>

வெளிப்பயணம் என்றாலே இடர் மதிப்பீட்டுப் படிவம் உண்டு. ஆசிரியர் அறையில் ‘ராம்ஸ்’ என்றால் எல்லாருக்கும் புரியும். என்ன ஆபத்து, நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு மோசம், என்ன செய்வோம், யார் பொறுப்பு. எங்கள் படிவத்தை நான் இன்றும் குறை சொல்லமாட்டேன். காட்டுப்பன்றி, நீண்டவால் குரங்கு, குளவி, பாம்பு, வழுக்கும் பலகை, படகில் ஏறும்போது கால் இடறுவது, வெப்பம், மின்னல் எல்லாம் இருந்தன. குரங்கு முன்னால் பிளாஸ்டிக் பையை அசைக்கக் கூடாது, குளவி துரத்தினால் கையை வீசாமல் ஓடிப்போய் மூடிய இடத்தில் ஒதுங்க வேண்டும் என்பது வரைக்கும் எழுதியிருந்தோம். பெற்றோரின் ஒப்புதல் பேரண்ட்ஸ் கேட்வே செயலி வழியே வந்துவிட்டது. ஒவ்வாமை, ஆஸ்துமா விவரம் அச்செடுத்துக் கோப்பில் இருந்தது.

வெப்பத்துக்குத் தனியாக ஒரு வரி. 2023 ஜூலையிலிருந்து இங்கே வெப்ப அழுத்த அறிவுரை மூன்று நிலைகளில் வருகிறது: ஈரக்குமிழ்-கோள வெப்பநிலை 31 டிகிரிக்குக் கீழே குறைவு, 31 முதல் 33க்குக் கீழ்வரை மிதம், 33ஐத் தொட்டால் அதிகம். சாதாரண வெப்பமானி காட்டும் எண்ணோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. காற்றின் ஈரம், வெயில், காற்றோட்டம் எல்லாம் சேர்ந்த அளவு அது. மைஎன்வி செயலியில் பார்த்துக்கொள்ளலாம். அன்று காலை குறைவு என்றே காட்டியது. இங்கே எங்களுக்குத் தொல்லை எதுவும் வரவில்லை, ஆகவே மேலே போகிறேன்.

மின்னலுக்குத் திட்டம் நன்றாகவே இருந்தது. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 160 நாளுக்கு மேல் இடி இடிக்கிறது. மின்னலை ‘ஒருவேளை வந்தால்’ என்ற பட்டியலில் வைக்க முடியாது. ஒளி தெரிந்து 30 விநாடிக்குள் ஓசை கேட்டால் மின்னல் ஏறக்குறைய 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உள்ளே போ. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வராதே. இரண்டு முப்பது, பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஒதுங்க வேண்டிய இடம்: செக் ஜாவாவின் 1ஆம் எண் வீடு. 1930களில் கட்டிய ஆங்கிலேயப் பாணி வீடு, இப்போது வருகையாளர் நிலையம். உள்ளே கணப்பு அடுப்புகூட உண்டு. இந்த ஊர் வெயிலில் அதை யார் பற்றவைத்தார்களோ.

இத்தனையும் இருந்த படிவத்தில், 36 பிள்ளைகளை எங்கே, எப்போது, யார், எந்த முறையில் எண்ணுவது என்று ஒரு வரி இல்லை. ‘ஆசிரியர்கள் அவ்வப்போது எண்ணிக்கை எடுப்பர்’ என்று மட்டும் இருந்தது. எழுதியது நான்.

<b>அன்று காலை</b>

ஜூலை மாதம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், ‘காலையில்தான் வானம் தெளிவு, மழை மதியத்துக்கு மேல்’ என்ற கணக்கு எப்போதும் பலிக்காது. சுமத்ரா சூறைக்காற்று விடியற்காலையிலோ முற்பகலிலோ மேற்கிலிருந்து வரும். ஒன்றிரண்டு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். நாங்கள் முன்னேற்பாடாகக் காலையில் போகிறோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டோம்.

9.45க்குச் செக் ஜாவா வந்துவிட்டோம். பலகைப் பாதைக்கு இரண்டு வளையம்: ஒன்று கடலோரமாக, இன்னொன்று சதுப்புநிலத்துக்குள். இரண்டையும் சேர்த்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். பிள்ளைகளை நான்கைந்து பேர் கொண்ட குழுக்களாக, இரண்டு பள்ளியும் கலந்து பிரித்தோம். ‘பழகட்டும்’ என்ற நல்ல நோக்கம். பாதிக் குழுக்கள் கடலோரம், பாதி சதுப்புநிலம்.

10.40க்கு மேற்கே வானம் கறுத்தது. 10.43க்கு முதல் இடி. புவியியல் ஆசிரியை அசைந்தே கொடுக்காமல், “இப்பவே உள்ள” என்றார். அதை அவர் சொன்னது சரி. ஐந்து நிமிடம் தாமதித்திருந்தால் ஜெஜாவி பார்வைக் கோபுரத்தின் உச்சியில் சில பிள்ளைகள் நின்றிருப்பார்கள். சத்தம் போட்டு எல்லாரையும் திருப்பினோம். குழுக்கள் கலைந்து, ஓடி, நனைந்து, சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் புகுந்தன.

10.56. ஓட்டின் மேல் மழை அடிக்கும் சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்கவில்லை. நான் எங்கள் பள்ளிப் பிள்ளைகளை எண்ணினேன், இரண்டு இரண்டாக விரலை நீட்டி. 21. சரி. எதிர்ப்பக்கம் தமிழாசிரியை தன் பிள்ளைகளை எண்ணினார். 14 வந்தது. சுற்றிப் பார்த்தார். அவருடைய மாணவி ஒருத்தி என் கூட்டத்தின் நடுவே, தொடக்கப்பள்ளித் தோழியோடு ஒரே துண்டில் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். ‘அவ அங்க இருக்கா’ என்று 15 ஆக்கிக்கொண்டார். அறையின் இரு முனையிலிருந்தும் நாங்கள் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டோம்.

அந்த மாணவியை நான் ஏற்கெனவே என் 21இல் சேர்த்துவிட்டிருந்தேன். இரண்டு பள்ளிக்கும் உடற்கல்விச் சட்டை நீலம். நனைந்தால் இரண்டு நீலமும் ஒரே நீலம்.

11.20க்கு ஒரு பையன் என்னிடம் வந்தான். “சார், என் பவர்பேங்க் அவன்கிட்ட இருக்கு. அவன் எங்க?”

பெயரைச் சொன்னான். நான் அறையைப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். வயிற்றுக்குள் ஏதோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது.

கைப்பேசியில் அழைத்தால் இணைப்பே இல்லை. உபினுக்குப் போனவர்களுக்குத் தெரியும், எதிரே ஜொகூர்; கைப்பேசி தானாக மலேசிய அலைவரிசையைப் பிடித்து ‘மலேசியாவுக்கு நல்வரவு’ என்று செய்தி அனுப்பும். ரோமிங் கட்டணம் வந்துவிடப் போகிறது என்று அவன் அம்மா முந்தின நாளே சொல்லிவைத்திருக்கிறார். பையன் படகிலேயே விமானப் பயன்முறையைப் போட்டுவிட்டான். அன்றைக்கு எத்தனை பிள்ளைகள் அப்படிச் செய்திருந்தார்கள் என்று பிறகு கேட்டோம். பாதிக்கு மேல் கை தூக்கினார்கள். படிவத்தில் ‘மாணவர்களைக் கைப்பேசியில் தொடர்புகொள்ளலாம்’ என்று எழுதியிருந்தது, பாருங்கள்.

கடைசி இடி 11.10 வாக்கில். கணக்குப்படி 11.40வரை யாரும் வெளியே போகக் கூடாது. நானும் இளம் ஆசிரியரும் 11.22க்குப் போனோம். மற்ற மூவரும் 35 பிள்ளைகளோடு இருந்தார்கள். தனியாக ஓடப் பார்த்த என்னைப் பிடித்து நிறுத்தி, “ரெண்டு பேரா போங்க, ஆளுக்கு ஒரு வளையம், பன்னிரண்டு நிமிஷத்துல ரெண்டு பேரும் கூப்பிடணும்” என்று சொன்னவரும் புவியியல் ஆசிரியைதான். அப்போது என் புத்தி அந்த அளவுக்கு வேலை செய்யவில்லை.

சதுப்புநிலப் பாதையோரம், கூரை மட்டும் போட்ட ஒரு நிழற்குடையின் கீழ் நின்றுகொண்டிருந்தான். நெஞ்சோடு கிளிப் அட்டையை அணைத்திருந்தான். பத்தடி தள்ளி ஒரு குரங்கு அவனுடைய பையையே பார்த்துக்கொண்டிருந்தது. மணி 11.34. “சார், நான் நகரவே இல்ல” என்றான். அதுதான் முதல் வார்த்தை.

எல்லாரும் திரும்பியபோது, குழுவின் தரவு எழுதிய அட்டையைக் கோபுரத்தின் கீழே விட்டுவிட்டது நினைவுக்கு வந்து, எடுக்கத் திரும்பியிருக்கிறான். அவன்தான் அந்தக் குழுவின் பதிவாளர். எடுத்துக்கொண்டு வருவதற்குள் மழை. கூட்டம் வீட்டுக்குப் போனதா, நுழைவாயிலுக்குப் போனதா என்று தெரியவில்லை. நின்றுவிட்டான். ஏன் நின்றாய் என்று கேட்டேன். “பாட்டி சொல்லியிருக்காங்க. தேக்கா மார்க்கெட்ல காணாமப் போனா நடக்காதே, நின்ன இடத்துலயே நில்லு, தேடி வருவாங்கன்னு.”

எங்கள் விளக்கக்கூட்டத்தில் அதை நாங்கள் சொல்லவில்லை. நாற்பது நிமிட விளக்கக்கூட்டம் அது. குளவிக்கே ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தோம்.

இன்னொன்றும் உண்டு, அதை நினைத்தால்தான் இப்போதும் தூக்கம் கெடுகிறது. அவனுக்கு இலேசான ஆஸ்துமா. இன்ஹேலர் அவனிடம் இல்லை. ‘தொலைத்துவிடுவார்கள்’ என்று பிள்ளைகளின் மருந்தையெல்லாம் வாங்கிச் சிவப்பு முதலுதவிப் பையில் போட்டுவைத்திருந்தோம். பை 1ஆம் எண் வீட்டில் பத்திரமாக, உலர்ந்து இருந்தது.

<b>எங்கே கிழிந்தது</b>

பள்ளித் தலைமை கேட்ட அறிக்கையில் முதலில் ‘எண்ணிக்கையில் கவனக்குறைவு’ என்று ஒரு வரி எழுதினேன். பிறகு அடித்தேன். கவனம் குறைவாக இல்லை. இரண்டு பேரும் எண்ணினோம், உரிய நேரத்தில் எண்ணினோம், விடையும் சரியாக வந்தது. அதுதான் விபரீதம். 35 என்று வந்திருந்தால் 10.57க்கே தேடக் கிளம்பியிருப்போம்.

தலையை எண்ணுவது, இருப்பவர்கள் எத்தனை பேர் என்று மட்டுமே சொல்லும். யார் இல்லை என்று சொல்லாது. கூட்டம் ஒரே பள்ளியாக இருந்தால் முகம் பார்த்தே குறையைக் கண்டுபிடித்துவிடலாம். எந்த வகுப்பாசிரியருக்கும் தன் வகுப்பில் எந்த நாற்காலி காலி என்று திரும்பிப் பார்க்காமலே தெரியும். இரண்டு பள்ளி சேரும்போது அந்த அறிவு பாதியாகிவிடுகிறது. நான் எண்ணிய தலைகளில் ஒன்று எங்கள் பள்ளியில்லை என்று எனக்குத் தெரியவில்லை. நேரமோ ஓட்டமும் மழையும் சத்தமுமான நேரம். யாரும் உட்காரவில்லை. நகரும் கூட்டத்தை எண்ணுவது கோழிக்குஞ்சு எண்ணுவது மாதிரி.

இதற்கு மேலே போனால் நல்ல முடிவுகளே கைகோத்துக்கொண்டு வந்து நிற்கின்றன. பழகட்டும் என்று கலந்தோம். அதனால் குழுவில் ஒருவன் வரவில்லை என்றாலும் ‘அவன் பள்ளிக்காரர்களோடு போயிருப்பான்’ என்று மற்றவர்கள் நினைத்தார்கள். மின்னலுக்கு விரைந்து ஒதுங்கினோம். அந்த வேகத்தில் கடைசியாக வருபவர் யார் என்று பார்க்க வால்பக்கம் ஒரு பெரியவரும் இல்லை. பொறுப்போடு இருக்கச் சொன்னோம். பொறுப்பான பையன் அட்டையை எடுக்கத் திரும்பினான். மருந்தைப் பத்திரப்படுத்தினோம். துணி நடுவில் கிழியவில்லை, தையலில் கிழிந்தது.

படிவங்கள் பெரும்பாலும் இடத்தைப் பார்த்து எழுதப்படுகின்றன: காடு, கடல், மலை. 2015 ஜூன் 5 நினைவிருக்கும். சபாவில் கினபாலு மலையில் நிலநடுக்கம்; 4,095 மீட்டர் உயர மலையின் சரிவில் பாறைகள் உருண்டன. இறந்த 18 பேரில் பத்துப் பேர் சிங்கப்பூரிலிருந்து பள்ளிப் பயணமாகச் சென்றவர்கள்: ஏழு தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், ஒரு வழிகாட்டி. ஜூன் 8ஐ நாடே தேசிய நினைவு நாளாக அனுசரித்தது. அதுபோன்ற ஒன்றை எந்த எண்ணிக்கையாலும் தடுக்க முடியாது. அங்கே போவதா என்ற முடிவில்தான் பாதுகாப்பு இருக்கிறது. 2021 பிப்ரவரியில் ஈசூனில் உயரத்தில் கட்டிய சாகசத் தடத்தில் ஒரு 15 வயது மாணவர் கால் தவறி, மறுநாள் இறந்தபோது, கல்வி அமைச்சு உயர நடவடிக்கைகளை எல்லாப் பள்ளிகளிலும் நிறுத்திவைத்தது. அங்கே கேள்வி கருவியையும் மேற்பார்வையையும் பற்றியது.

படகைப் பற்றி ஒன்று. 2024 ஜனவரி 18 அன்று வடோதராவில் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். ஏற்ற வேண்டியதைவிட அதிகம் பேரை ஏற்றியிருந்தார்கள், பலருக்கு உயிர்காப்புச் சட்டை இல்லை. சாங்கி பாயிண்டில் பம்போட் அங்கிள் 13ஆவது ஆளை ஏற்ற மறுக்கும்போது, ‘ஒரு சின்னப் பையன்தானே’ என்று சிலர் கெஞ்சுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த அங்கிளின் கையைப் பிடித்துக் குலுக்கத் தோன்றும்.

எங்கள் நிகழ்வு இவை எதோடும் ஒப்பிடத்தக்கதல்ல. ஆனால் பெரும்பாலான வெளிப்பயணம் கினபாலு மலைக்குப் போவதில்லை. லிட்டில் இந்தியாவுக்கும் மெக்ரிச்சிக்கும் சுங்கை பூலோவுக்கும்தான் போகிறது. அங்கே நடப்பது எங்களுக்கு நடந்ததைப் போன்றதுதான். இந்திய மரபுடைமை நிலையத்துக்குக் கூட்டிப்போகும்போது சிராங்கூன் சாலையின் பச்சை விளக்கில் கூட்டம் இரண்டாக வெட்டப்படும் அந்த இருபது விநாடியை அனுபவித்த ஆசிரியர் எல்லாருக்கும் நான் சொல்வது புரியும்.

மின்னல் நேரத்தில் வெளியே போனதைப் பற்றி அறிக்கையில் என்ன எழுதுவது என்று நீண்ட நேரம் பேசினோம். விதி உடைந்தது உண்மை. இன்னொரு முறை நடந்தாலும் நான் போவேன், அதுவும் உண்மை. ஆனால் ‘ஆசிரியர் போகலாம்’ என்று எழுதிவைக்க முடியாது. எழுதிவைத்தால் அடுத்த முறை ஓர் இளம் ஆசிரியர் போகக் கடமைப்பட்டவராகிவிடுவார். கடைசியில் நடந்ததை நடந்தபடி, நேரத்தோடு எழுதினோம். சரியா தவறா என்று எழுதவில்லை. அவன் நின்ற இடமும் மின்னலுக்குப் பாதுகாப்பானதல்ல என்பதைச் சேர்த்தோம்: சுவரில்லாத நிழற்குடை மழையைத்தான் தடுக்கும்.

<b>கப்பல் பட்டறைப் பாடம்</b>

தீவிலிருந்தே 11.50க்கு அவன் அம்மாவை அழைத்தேன். நடந்ததைச் சொல்லிவிட்டுப் பையனிடம் கொடுத்தேன். அவனே முதலில் அழைத்து, ‘ஒன்னும் இல்லம்மா’ என்று தொடங்கியிருந்தால் நிலைமை வேறு மாதிரி போயிருக்கும். இதைப் புதிய ஆசிரியர்களுக்குச் சொல்வேன்: பெற்றோருக்குச் செய்தி முதலில் நம்மிடமிருந்து போக வேண்டும், பாதி தெரிந்த நிலையிலும்.

மாலையில் அப்பா பள்ளிக்கு வந்தார். கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். கோபமாக வருவார் என்று நினைத்தேன். அந்த ஒரு கேள்வியைக் கேட்டார். 35 என்றதும் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மேசையிலிருந்த தாளை எடுத்து ஒரு தொட்டி வரைந்தார்.

“டேங்குக்குள்ள இறங்குறவன் தன் பாஸை வாசல்ல மாட்டிட்டுத்தான் சார் இறங்கணும். வெளியே வந்தா அவனே எடுத்துக்குவான். வாசல்ல நிக்கிறவன் தலையை எண்ணமாட்டான், தொங்குற அட்டையைப் பார்ப்பான். ஒன்னு தொங்குச்சுன்னா உள்ள ஆள் இருக்கு. யாருன்னு பேரும் அதுலயே இருக்கு.”

நாங்கள் செய்த மாற்றங்களில் உருப்படியானது அதிலிருந்து வந்ததுதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிளாஸ்டிக் அட்டை: பெயர், பள்ளி, படகு எண், பின்பக்கம் இரண்டு ஆசிரியர்களின் கைப்பேசி எண். 12 பேருக்கு ஒரு வளையம், அதைப் பிடித்திருப்பது ஒரே பெரியவர். பிரியும் இடத்தில் அட்டையை வளையத்தில் கோக்க வேண்டும். சேரும் இடத்தில் அவரவர் அட்டையை அவரவர் கையால் எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். வளையத்தில் மிஞ்சியிருக்கும் அட்டைதான் காணாமல்போன பிள்ளை. ஒரே பிள்ளையை இருவர் எண்ண வழியில்லை. ஒருவருக்கு ஓர் அட்டைதான்.

படகுக் குழுவே நாள் முழுவதும் குழு. சாங்கியில் எந்த 12 பேரோ, செக் ஜாவாவிலும் அதே 12 பேர், திரும்பும் படகிலும் அதே 12 பேர், பெரியவரையும் சேர்த்துத்தான். முன்பெல்லாம் எங்களை நாங்கள் எண்ணியதே இல்லை! குழுவுக்குள் இருவர் இருவராக அல்லாமல் மூவர் மூவராகப் பிரித்தோம். இருவரில் ஒருவன் போனால் மற்றவன் தனியாகிவிடுகிறான், சில நேரம் அவனும் தேடப் போய்விடுகிறான். மூவரில் ஒருவன் போனால் சொல்ல இருவர் மிஞ்சுவார்கள். இன்ஹேலரும் ஒவ்வாமை ஊசியும் பிள்ளையின் இடுப்புப் பையில். இன்னொன்று இருந்தால் மட்டும் முதலுதவிப் பைக்கு. படகேறுமுன் எல்லாரும் கைப்பேசியில் தானியங்கித் தேர்வை நிறுத்திச் சிங்கப்பூர் நிறுவனத்தின் அலைவரிசையைக் கையால் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. ஒவ்வொரு பகுதிக்குள் நுழையும்போதும் ‘இடி கேட்டால் எங்கே?’ என்று கேட்டுப் பிள்ளைகளைக் கையால் திசை காட்ட வைப்போம்.

பாட்டியின் விதி விளக்கக்கூட்டத்தில் முதல் இடத்துக்கு வந்துவிட்டது. நின்ற இடத்திலேயே நில், விசிலை மூன்று முறை ஊது, பொருளுக்காகத் திரும்பாதே. குளவியை இரண்டு நிமிடமாகக் குறைத்துவிட்டோம்.

<b>மறு ஆண்டு சோதனை</b>

அடுத்த ஆண்டு அதே இரண்டு பள்ளி, அதே தீவு. இந்த முறை ஒரு காரியம் செய்தோம். பெற்றோரிடம் முன்னரே சொல்லி, இரண்டு மாணவிகளை வேண்டுமென்றே ‘தொலைந்து’ போகச் சொன்னோம். ஆளுக்கு ஓர் ஆசிரியர் மறைவில் துணை. எப்போது தெரியவருகிறது என்று நேரம் குறித்தோம். வளையம் வைத்திருந்தவர்களுக்கும் இது தெரியாது.

முதல் மாணவி இல்லை என்பது நான்காவது நிமிடத்தில் தெரிந்துவிட்டது. வளையத்தில் அட்டை தொங்கியது, மூவரில் மற்ற இருவரும் அதற்கு முன்பே முனக ஆரம்பித்துவிட்டார்கள்.

இரண்டாவது மாணவிக்குப் பதினொரு நிமிடம். வளையம் காலியாக இருந்தது, எல்லாரும் வந்துவிட்டதாகப் பொருள். கடைசியில் பார்த்தால் அவள் தோழியின் கழுத்தில் இரண்டு அட்டை. “அவ டாய்லெட்ல இருந்து வந்துகிட்டிருக்கான்னு நெனச்சு நானே எடுத்துட்டேன் சார்.” உதவி செய்கிறாளாம்.

பையனின் அப்பாவிடம் இதைச் சொன்னேன். போன ஆண்டு காணாமல்போனவன் இப்போது உயர்நிலை 2. அவர் இந்த முறை விடுப்பெடுத்துக்கொண்டு தொண்டூழியராக வந்து மூன்றாவது படகின் வளையத்தைப் பிடித்திருந்தார். வாய்விட்டுச் சிரித்தார்.

“எங்க யார்டுலயும் அதே கதைதான் சார். சாப்பாட்டு நேரத்துல ஒருத்தன் நாலு பேர் பாஸைச் சேர்த்து எடுத்துட்டுப் போவான். போட்டோ ஒட்டினோம், அப்பவும் எடுத்தான்.”

“அப்புறம் என்னதான் செஞ்சீங்க?”

“கொக்கியை வாசல்காரன் பக்கமாத் திருப்பி வெச்சோம். அவன் கழட்டிக் கொடுத்தாத்தான் கிடைக்கும். முகத்தைப் பார்த்துட்டுக் கொடுப்பான்.” வளையத்தை என்னிடம் நீட்டினார். “இது உங்க கையில இருக்கணும் சார், பிள்ளைங்க கைக்கு எட்டக் கூடாது.”

படகுத்துறையில் அங்கிள் இயந்திரத்தை உறும விட்டுக்கொண்டு, பன்னிரண்டா என்று விரலால் கேட்டார். பொறுங்கள் என்று கை காட்டிவிட்டு, முதல் அட்டையைக் கழற்றினேன்.